திறந்து பார்த்த பிறகே விலை: பழைய வீட்டின் கசிவு வேலைக்கு ஆள் தேர்ந்த அனுபவம்

திருச்சியில் உள்ள எங்கள் வீடு 1994-இல் கட்டப்பட்டது. கீழும் மேலுமாக இரண்டு தளங்கள்; அதற்கு மேல், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளத்தின் மீது தட்டோடு பதித்த மொட்டை மாடி. சில மழைக்காலங்களாக மேல்தளத்து வடக்கு அறைச் சுவரில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள சமையலறைக் கூரையில் மஞ்சள் கறை பரவியது. கூடத்துக் கூரையில் ஓரிடத்தில் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. திருச்சிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது என்பதால், கோடையிலேயே ஆளைத் தேடி, ஆடிக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். பூச்சு வேலையின் செய்முறையைவிட, அதைச் செய்யத் தகுந்த ஆளைக் கண்டறிந்த முறையையே இங்கு விரிவாக எழுதுகிறேன்; சரியான ஆள் அமைந்த பின் மற்ற முடிவுகளில் பெரும்பாலானவை தாமாகவே ஒழுங்குக்கு வந்தன.

புது வீடு கட்டுவதற்கும் பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. புது வீட்டுக்கு வரைபடம் இருக்கிறது. சுவரின் நீளம், தளத்தின் பரப்பு, கம்பியின் எடை எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். பழுது வேலையில், உடைத்துத் திறக்கும் வரை அளவு எவருக்கும் தெரியாது. கூரையில் ஒரு முழ அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்திருந்தால், துரு அந்த அளவோடு நிற்கிறதா, கம்பி நெடுகப் பரவியிருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். உளி வைத்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே, இந்தத் தெரியாத பகுதியை ஒருவர் எப்படிக் கையாளுகிறார் என்பதையே நம்பகத்தன்மைக்கு முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதை அறியாமலேயே மொத்தத் தொகை ஒன்றைச் சொல்பவர், அந்தத் தொகையில் தம் அச்சத்துக்கும் சேர்த்து விலை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், வேலை நீளும்போது பொருளிலோ உழைப்பிலோ குறைத்தாக வேண்டும்.

முதலில் தொடர்புகொண்டவர், வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பச் சொல்லி, அன்று மாலையே மொட்டை மாடிக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லிவிட்டார். பழைய தட்டோட்டின் மேலேயே ரசாயனப் பூச்சை இரண்டு கோட் அடித்துவிட்டால் போதும் என்பது அவருடைய கருத்து. தளத்துக்குள் ஈரம் தங்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, வெயிலில் காய்ந்துவிடும் என்றார். உள்ளே தங்கிய ஈரம் கோடை வெயிலில் ஆவியாகி மேலே வரும்போது, மேலே போட்ட பூச்சு கொப்புளித்து உரியும். நீர் வெளியே போகும் வழியையும் அதே பூச்சு அடைத்துவிடும். நேரில் வந்து பாராமல் மருந்து எழுதியவரிடம் வேலையை ஒப்படைக்க மனம் வரவில்லை.

இரண்டாவதாக வந்தது, உள்அலங்கார வேலையும் சேர்த்துச் செய்யும் ஒரு நிறுவனம். அவர்கள் முறையாக வந்து லேசர் கருவியால் அளவெடுத்தார்கள். சில நாட்களில் அச்சிட்ட மதிப்பீட்டையும் தந்தார்கள். மொட்டை மாடித் தளத்தை முழுவதுமாகப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடுவது, குளியலறையை முழுவதும் உடைத்து டைல்ஸ் மாற்றுவது, எல்லாவற்றுக்கும் 10 ஆண்டு வாரண்டி என்று அதில் இருந்தது. நேர்த்தியான தாள்தான், ஆனால் கசிவு எங்கிருந்து வருகிறது என்ற ஒரு வரி அதில் இல்லை. வாரண்டி யாருடையது என்று கேட்டபோது, ரசாயனப் பொருள் தயாரிக்கும் நிறுவனத்துடையது என்றார்கள். அப்படிப்பட்ட வாரண்டி பெரும்பாலும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும், உடைத்து மறுபடி போடும் கூலி அதில் அடங்குமா, அந்த நிறுவனம் அங்கீகரித்த ஆட்கள்தான் பூசப் போகிறார்களா என்பதை எழுத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. இன்னொரு கேள்வியும் கேட்டேன்: வேலை நடக்கும் நாட்களில் இங்கே நிற்கப் போவது யார்? அளவெடுக்க வந்தவர் அல்ல, அவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் வேறொரு குழு என்று தெரிந்தது. அந்தக் குழுவை முன்கூட்டியே சந்திக்க வழியில்லை என்றதும், அந்த மதிப்பீட்டை ஓரமாக வைத்தேன்.

அவர்கள் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டது நியாயமானதே. பதிவு பெற்ற ஒருவர் பில்லில் காட்டும் ஜிஎஸ்டி எண்ணை எவரும் ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபார்க்கலாம். 15 எழுத்தும் எண்ணும் கொண்ட அதில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதும் அங்கே தெரிந்துவிடும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு மேஸ்திரிகள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. ஆகவே பதிவு இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது. அவரிடம் கையெழுத்திட்ட ரசீதும், வங்கிவழிப் பணப் பரிமாற்றமும் கேட்டால் போதும். பதிவு வைத்துக்கொண்டே "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்பவர் விஷயம் வேறு. பில்லோடு சேர்த்து அவர் தம் பொறுப்பையும் கழித்துவிடுகிறார்.

மூன்றாமவர் பக்கத்துத் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரி. அவர் வந்ததும் விலை பேசவில்லை, கேள்விகள் கேட்டார். சமையலறைக் கூரையின் கறை மழையில் கூடுகிறதா, வெயில் காலத்திலும் அப்படியே இருக்கிறதா? வீட்டில் ஆளில்லாமல் சில நாட்கள் பூட்டியிருந்தபோது காய்ந்ததா? வடக்கு அறை ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, கூரையிலிருந்து இறங்குகிறதா? பிறகு ஒரு சிறு சுத்தியலை எடுத்துக் கூடத்துக் கூரையை அங்குலம் அங்குலமாகத் தட்டி, ஓசை மாறும் இடங்களைச் சாக்கட்டியால் வளைத்தார். பெயர்ந்த இடத்தைவிடப் பல மடங்கு பெரிதாக அந்த வளையம் இருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளேயே பிளந்து நிற்கும், கீழே விழுவதற்குக் காலம் பிடிக்கும். வளைத்த இடத்தைக் காட்டி, "இதுக்கு இப்ப நான் விலை சொன்னா அது பொய் சார். சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசிப்போம், கொத்தி முடிச்சதும் நீங்களே டேப் பிடிங்க" என்றார். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வாக்கியம் அதுதான்.

சோதனைகளுக்கு அவர் தனியாகக் கூலி கேட்டார், மகிழ்ச்சியோடு கொடுத்தேன். இலவச மதிப்பீட்டில் எவரும் அரை நாள் செலவழித்துக் காரணத்தைத் தேட மாட்டார்கள். குளியலறையில், தரை ஜாலிக்குக் கீழுள்ள டிராப்பின், அதாவது நாற்றம் மேலே வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாயின், வாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். பக்கத்தில் ஒரு தட்டையான பாத்திரத்தில் அதே உயரத்துக்கு நீர் வைக்கச் சொன்னார். ஆவியாவதால் குறைவது எவ்வளவு, கசிவால் குறைவது எவ்வளவு என்று பிரித்தறிய அது உதவும். மறுநாள் இரண்டிலும் நீர் ஒரே அளவில்தான் இறங்கியிருந்தது. தரை நன்றாக இருக்கிறது என்பது அதன் பொருள். பிறகு அந்த நீரில் சொட்டு நீலம் கலந்து, அடைப்பை எடுத்து ஒரேயடியாக வடியவிட்டார். மாலைக்குள் சமையலறைக் கூரையில் நீலம் தெரிந்தது. பழுது டிராப்பும் குழாயும் சேரும் இணைப்பில் இருந்தது. நீர் தேங்கும்போது ஒன்றும் ஆகாது, வடியும்போதுதான் கசியும். குளியலறை முழுவதையும் உடைக்கும் யோசனை அத்தோடு முடிந்தது.

மொட்டை மாடியிலும் அதே பொறுமை. தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி நீர் நிறுத்தி, கீழே ஓதம் வருகிறதா என்று பார்த்தோம். நடுத்தளத்தில் நீர் நின்றபோது கீழே ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் வடக்கு மூலையிலும், மழைநீர்க் குழாயின் வாயருகிலும் நின்றபோது அறைச் சுவர் நனைந்தது. உறுதி செய்துகொள்வதற்காக இரண்டடிக்கு இரண்டடி தட்டோட்டைப் பெயர்த்துப் பார்த்தார். உள்ளே ஜல்லியும் சுண்ணாம்பும் கல்லாக இறுகி, உலர்ந்திருந்தன. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் வழக்கப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, மணல் இல்லாமல், மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளங்கள் இவை. வெயிலின் சூட்டைத் தடுப்பதிலும் இவற்றுக்கு நிகர் குறைவு. இன்றைக்கு அந்த வேலையை அந்தப் பொறுமையோடு செய்ய ஆள் கிடைப்பதே அரிது; நன்றாக இருக்கும் அப்படியொரு தளத்தைப் பெயர்த்தெறியச் சொன்ன மதிப்பீட்டை நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், அவரைப் பற்றி வெளியே விசாரிக்காமல் விடவில்லை. அவர் அண்மையில் முடித்த வீடுகளைக் காட்ட முன்வந்தார். நான் நான்கைந்து மழைக்காலம் கடந்த வீடுகளைக் கேட்டேன். நேற்று பூசிய சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் வேலை நன்றாக இருந்ததா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. மரியாதைக்கு எல்லோரும் ஆம் என்பார்கள். வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு ஏதாவது குறைக்குக் கூப்பிட்டீர்களா, கூப்பிட்டபோது வந்தாரா என்று கேட்டேன். ஒரு வீட்டில், மழையில் சன்னல் ஓரம் கசிந்ததாகவும், சொல்லி அனுப்பிய இரண்டாம் நாள் அவரே வந்து சரிசெய்ததாகவும் சொன்னார்கள். குறையே வராத வேலை என்ற புகழ்ச்சியைவிட இந்தப் பதில் எனக்கு மதிப்பாகப் பட்டது.

அடுத்து விசாரித்த இடங்கள் இரண்டு. ஒன்று, அவர் வழக்கமாகப் பொருள் எடுக்கும் ஹார்டுவேர் கடை. கணக்கைத் தவறாமல் தீர்ப்பவரா என்பதைக் கடைக்காரர் பேசும் தொனியிலேயே அறிந்துகொள்ளலாம். மற்றொன்று, அவரிடம் வேலை செய்யும் கொத்தனார்களும் சித்தாள்களும். எங்கள் பக்கத்தில் கட்டட வேலைக்குச் சனிக்கிழமைதான் சம்பள நாள். சனிக்கிழமை மாலை அவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நின்றால், கூலி முழுதாகக் கைக்கு வருகிறதா, அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படுகிறதா என்பது தெரிந்துவிடும். கூலியை இழுத்தடிப்பவரிடம் நல்ல கொத்தனார் நிலைப்பதில்லை. பாதி வேலையில் ஆட்கள் மாறினால் அதன் விளைவு நம் வீட்டுச் சுவரில்தான் தெரியும். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் அவருடைய ஆட்கள் பதிந்திருக்கிறார்களா என்றும் கேட்டேன். அட்டையை எடுத்துக் காட்டினார்கள். சாரத்தில் ஏறி நிற்பவருக்கு விபத்து நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு உதவி கிடைக்க அந்தப் பதிவு தேவை. தம் ஆட்களைப் பதியச் சொல்லி அழைத்துப் போகும் மேஸ்திரி, மற்றவற்றிலும் பொறுப்போடு இருப்பார் என்று நம்ப அது ஒரு காரணம்.

ஒப்பந்தத்தைத் தமிழில், இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டோம். பொருள் எங்களுடையது, கூலியும் கருவிகளும் சாரமும் அவருடையவை. கூரைப் பழுதுக்குச் சதுர அடிக்கு ஒரு விலை, கைப்பிடிச் சுவர் மூலையில் சாய்வாகப் பூசும் பட்டைக்கு நீள அடிக்கு ஒரு விலை, தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டிப் புதுக் கலவை அடைப்பதற்குச் சதுர அடிக்கு ஒரு விலை, குளியலறை இணைப்புக்கு மட்டும் மொத்தத் தொகை. அளவு எடுக்கும்போது இருவரும் உடனிருந்து ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதில் சொல்லாத எந்த வேலையும், தொடங்குவதற்கு முன் விலையோடு அந்த நோட்டில் எழுதப்படாவிட்டால், கூடுதல் வேலையாகக் கணக்கில் வராது. முன்பணமாகப் பத்தில் ஒரு பங்கு, பிறகு முடிந்த அளவுக்கு வாரந்தோறும் பணம், கடைசிப் பத்தில் ஒரு பங்கு பருவமழை முடிந்த பிறகு. இந்தக் கடைசி விதியைச் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். அரசு வேலைகளில் பிடித்தம் வைப்பது அவருக்குத் தெரிந்ததுதான். பாதித் தொகைக்கு மேல் முன்பணமாகக் கேட்பவரும், பிடித்தம் என்றதும் எழுந்து போகிறவரும் அந்த இடத்திலேயே தம்மை அடையாளம் காட்டிவிடுகிறார்கள். ஒப்பந்தம் எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் என்று பலர் தயங்குகிறார்கள். எழுதிய பிறகு எங்களிருவருக்கும் பேச்சு எளிதாயிற்று என்பதே என் அனுபவம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டுக் கட்டுமானமும் சேவைதான். தகராறு வந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே பேசப் போவது தாள்தான்.

பொருளை நாங்களே வாங்கியதற்குக் காரணம் உண்டு. பல கடைகளில் மேஸ்திரிக்கும் பெயிண்டருக்கும் கமிஷன் வைக்கும் வழக்கம் இருக்கிறது. பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே பெயிண்டருக்கான டோக்கன் வருவதும் ஊரறிந்தது. ஆகவே இந்தப் பிராண்டுதான் வேண்டும் என்று ஒருவர் அழுத்தும்போது, பொருளின் தரம் காரணமா, வேறு ஏதாவதா என்று கேட்கலாம். நேர்மையானவர் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை. சிமெண்ட் மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை மேஸ்திரியே திருப்பி அனுப்பினார். கணக்கைச் சரிபார்க்க ஒரு எளிய அளவு போதும்: 12 மி.மீ. கனத்தில், 1:4 கலவையில் 100 சதுர அடி பூச ஏறத்தாழ ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்ட் ஆகும். கேட்கும் மூட்டைகள் இதைவிட மிக அதிகமானாலும், மிகக் குறைந்தாலும் விளக்கம் கேட்க வேண்டும். ரசாயனப் பூச்சுக்கு, பரப்பைக் கோட்டின் எண்ணிக்கையால் பெருக்கி, டப்பாவில் அச்சிட்ட சதுர அடிக் கணக்கால் வகுத்து எத்தனை டப்பா என்று முன்பே குறித்துக்கொண்டோம். கணக்கு முடியும் வரை காலி டப்பாக்களை வெளியே போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பூச்சில் நீர் கூடிப் போனால் மீந்த டப்பாக்கள் அதைக் காட்டிக் கொடுக்கும்.

வேலை தொடங்கியதும் முதலில் கூடத்தில் இரும்பு முட்டுகள் நின்றன. கூரையைக் கொத்தும்போது பாரம் தாங்க முட்டு வேண்டும் என்பதை நாங்கள் கேட்காமலேயே அவர் செய்தார். கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்தி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தெடுத்து, கம்பியின் கனத்தை வெர்னியரால் அளந்தோம். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகத் தேய்ந்தாலே அதன் வெட்டுப்பரப்பில் ஏறத்தாழ கால்வாசி போய்விடுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். உத்திரத்தை ஒட்டிய ஓரிடத்தில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்ததும் அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "இது இன்ஜினியர் பாக்க வேண்டியது சார், நான் தொட மாட்டேன்" என்றார். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்து, அவர் எழுதிக் கொடுத்தபடி கம்பி சேர்த்த பிறகே வேலை தொடர்ந்தது. பொறியாளர் கட்டணம் கூடுதல் செலவுதான். தம் அறிவின் எல்லையை வாய்விட்டுச் சொன்ன அந்த மேஸ்திரியிடம் அதன் பிறகு நான் மேற்பார்வை பார்த்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம்.

கம்பிக்குத் துரு தடுக்கும் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு பிடிக்க ஒட்டுப் பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த சாந்து என்று மூன்று அடுக்காகக் கூரை வேலை முடிந்தது. மாடியில் மூலைப் பட்டையும் குழாய் வாயும் புதிதாகின. தட்டோட்டு இடுக்குகளை அடைத்த பிறகு, தண்ணீர் டியூப் பிடித்து வாட்டம் பார்த்தோம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். தென்மேற்கு மூலையில் மட்டும் குறைந்திருந்ததால் அங்கே தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதித்தார். பிபிசி (PPC) எனப்படும் பொசோலானா கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாட்கள் நீர் காட்ட வேண்டும் என்பதால், சாக்கு போட்டு நனைக்கும் பொறுப்பை வீட்டிலிருந்த நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதையும் நோட்டில் எழுதிவைத்தோம்; பின்னால் வெடிப்பு வந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

ஐப்பசி மழையில் கூடமும் சமையலறையும் உலர்ந்தே இருந்தன. வடக்கு அறையில் மட்டும் குழாய் இறங்கும் இடத்தில் ஒரு கையகல ஈரம் வந்தது. அவருக்குச் சொன்னேன், மழை விட்டதும் வந்து, குழாயைச் சுற்றி அடைத்த கலவையில் மயிரிழை வெடிப்பு இருப்பதைக் கண்டு, வெட்டியெடுத்து மறுபடி அடைத்தார். கூலி கேட்கவில்லை. அடுத்தடுத்த மழைகளில் அந்த இடம் காய்ந்தபடியே இருந்ததால், மார்கழித் தொடக்கத்தில் பிடித்தம் வைத்த தொகையை அவர் வங்கிக் கணக்கில் செலுத்தி, நோட்டில் இருவரும் கடைசிக் கையெழுத்தைப் போட்டோம். கிழக்குப் பக்கத்துச் சன்னல்களின் சன்ஷேடுகளில் இரண்டில் சுத்தியல் ஓசை மாறுகிறது. அவற்றை வரும் பங்குனியில் இதே சதுர அடி விலையில், முதலில் திறந்து பார்த்துவிட்டுச் செய்வதாகப் பேசியிருக்கிறோம்.